ஒன்றரை மணிச் சோறு

ஒரு நாளைக்கு எத்தனை முறை சாப்பிடுகிறீர்கள் என்று நாற்பத்திரண்டு வயதுவரை ஜெரால்டை யாரும் கேட்டதில்லை. முதலில் கேட்டவர் டாக்டர் சுகிர்தா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஜெரால்ட் கிரேன் ஓட்டும் கம்பி ஆலைக்கு வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர்.

"மூணு வேளைதான் மேடம்," என்றார் ஜெரால்ட்.

"சி ஷிப்ட் வாரத்துல?"

அதற்கு விரல் மடக்க வேண்டியிருந்தது. சி ஷிப்ட் என்றால் இரவு பத்திலிருந்து காலை ஆறு. கிளம்பும் முன் எட்டரைக்கு மனைவி, மகளோடு ஒரு சாப்பாடு. ஒன்றரை மணிக்கு கேன்டீனில் முழுச் சாப்பாடு. நாலு மணிக்கு டீயும் இரண்டு பொறையும். ஏழரைக்கு வீடு வந்ததும் மகள் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அவளோடு உட்கார்ந்து தோசை. ஒன்பதுக்குப் படுத்தால் ஒரு மணிக்கு மனைவி எழுப்பி விடுவார். வெறும் வயிற்றோடு தூங்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுக்கை. ஐந்து மணிக்கு டீயோடு ஏதாவது.

"ஆறு," என்றார், தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"சேர்ந்தாப்புல எட்டு மணி நேரம் வயிறு சும்மா இருந்த நாள் ஏதாச்சும் இருக்கா?"

ஜெரால்ட் நேர்மையாக யோசித்தார். "புனித வெள்ளி அன்னிக்கு இருக்கும் மேடம்."

டாக்டர் கையிலிருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் சர்க்கரைப் பரிசோதனை. போன வருடம் 6.1. இந்த வருடம் 6.9. அந்த ஆலையின் விதிப்படி 7.0-ஐத் தொட்டவர் கிரேன் ஏற முடியாது. கீழே யார்டில் வேறு வேலை. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அதுவரை அவருடைய தகுதிச் சான்றிதழில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

கேள்விக்குறியின் எடை என்ன என்பது அந்த இருக்கையை அவர் எப்படி அடைந்தார் என்று தெரிந்தால்தான் புரியும். கடம்பத்தூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களின் மகன். பத்தொன்பது வயதில் ஒப்பந்தக் கூலியாகப் பழைய இரும்பு பொறுக்க வந்தார். பிறகு, தூக்கும் சுமைக்குச் சங்கிலி மாட்டிவிட்டு, மேலே இருக்கும் கிரேன்காரருக்குக் கைஜாடை காட்டும் வேலை. பதினைந்து வருடம் அண்ணாந்து பார்த்த கழுத்து. முப்பத்து நான்காவது வயதில் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, அறுபத்தெட்டுப் படி ஏறி அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தார். எட்டு வருடமாகிறது.

அந்தக் கூண்டில் அவருக்குப் பிடித்தது உயரம் அல்ல. ஆடுகிற சுமையை நிற்கவைப்பதுதான். ஐந்து டன் இரும்பு ஊசலாடினால் பழகாதவர்கள் பிரேக்கைப் பிடிப்பார்கள், ஆட்டம் கூடும். சுமை போகிற பக்கமே கிரேனைக் கொஞ்சம் கொண்டுபோய், அதற்கு நேர் மேலே வரும் நொடியில் நிற்க வேண்டும். ஆட்டம் தானாகச் செத்துவிடும். இது ஏன் இப்படி என்று அவர் பல நாள் யோசித்திருக்கிறார். ஏன் என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதை ஒரு குணமாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் இல்லை.

ஆகவே டாக்டர் மாத்திரை எழுதியபோதும் அவர் எழுந்து போகவில்லை. "ஏன் மேடம் ராத்திரி சாப்டா ஏறுது? அதே அரிசிதானே?"

"அரிசி அதேதான். நீங்கதான் வேற. ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க முழிச்சிருக்கீங்க, உங்க கணையம் பாதித் தூக்கத்துல இருக்கு. இன்சுலின் மெதுவாத்தான் வரும். இது ஒண்ணு. குடல்ல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு, தெரியுமா?"

"கிருமியா?"

"கிருமின்னு திட்டாதீங்க. நிறைய வேலை அதுங்கதான் செய்யுது. அதுங்களுக்கும் ஷிப்ட் இருக்கு. சிலது பகல்ல பெருகும், சிலது நீங்க தூங்குறப்ப. குடலுக்குள்ள வெளிச்சம் போகாதில்ல? அதுங்களுக்கு சாப்பாடு வந்தாதான் விடியல்."

ஜெரால்ட் மறுபடி விரல்களை மடக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப என் வயித்துக்குள்ள ஒரு நாளைக்கு ஆறு தடவ விடியுதா மேடம்?"

டாக்டர் சிரிக்கவில்லை. அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "எலிகள்ல இது தெளிவா தெரிஞ்சிருக்கு. மனுஷங்ககிட்ட பாதிதான் தெரியும். மீதியைத் தெரிஞ்சுக்கத்தான் நான் உங்க ஆளுங்ககிட்ட டப்பா கொடுக்கப் போறேன்."

டப்பா மறுவாரம் வந்தது. டாக்டர் படித்த கல்லூரியின் ஆய்வு. ஷிப்ட் மாறும் தொழிலாளிகள் பகல் ஷிப்ட் வாரத்தில் ஒரு முறை, இரவு ஷிப்ட் வாரத்தில் ஒரு முறை, மலத்தில் சிறிதளவு எடுத்து டப்பாவில் அடைத்துத் தர வேண்டும். கேன்டீன் வாசலில் இதை விளக்கி முடிப்பதற்குள் கூட்டம் பாதியாகிவிட்டது. நின்றவர்களிலும் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்க நின்றவர்கள். அவர்களில் முன்னால் நின்றவர் மோசஸ். ஜெரால்டோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், ஜெரால்டின் கிரேனுக்குக் கீழே சங்கிலி மாட்டுபவர், சங்கத்தின் கிளைச் செயலாளர்.

"இன்னா மேடம், கம்பெனிக்கு ரத்தம் குடுத்தோம், வேர்வை குடுத்தோம். இது ஒண்ணுதான் எங்களுக்குன்னு வெச்சிக்கினு இருந்தோம். இதையும் கேக்கறீங்களே!"

சிரிப்பு அடங்கியபின் ஜெரால்ட் கை தூக்கினார்.

"டேய் மச்சான், டிபன் பாக்ஸ மாத்தி எடுத்துக்கினு வந்துடப் போற," என்றார் மோசஸ்.

"உனுக்கு வேணும்னா லேபிள் ஒட்டி எடுத்தாறேன்."

கடைசியில் டப்பா கொடுத்தவர்கள் பதினொரு பேர். மோசஸ் அதில் இல்லை.

டாக்டர் ஜெரால்டுக்குத் தனியாக ஒரு சர்க்கரை மானியும், ரத்தத் துளியைத் தொட்டுவைக்கும் பட்டைகள் கொஞ்சமும் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் போதும் என்றார். ஜெரால்டுக்குப் போதவில்லை. அதே அரிசி என்று தான் கேட்டதற்குப் பதிலைத் தானே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்கு அவரிடம் ஒரு வசதி இருந்தது. மனைவி ஷைனி புதுவாயலில் இட்லி மாவு அரைத்து விற்பவர். நெடுஞ்சாலை கூட்டுரோட்டைச் சுற்றி அறை எடுத்துத் தங்கும் பையன்களில் பாதிப்பேர் அவர் மாவில்தான் காலை நாஷ்டாவை முடிக்கிறார்கள். ஒரே மாவு, ஒரே தட்டு, நான்கு இட்லி, சர்க்கரை போடாத பொட்டுக்கடலைச் சட்னி. பகல் ஷிப்ட் வாரத்தில் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தினார். 146. மறுநாள் 152. மூன்றாம் நாள் 149.

அடுத்த சி ஷிப்டில் அதே நான்கு இட்லியை டப்பாவில் கொண்டுபோய் கூண்டிலேயே ஒன்றரைக்குச் சாப்பிட்டார். மூன்றரை மணிக்கு, கிரேனை நிறுத்திவிட்டுக் குத்தினார். 291. கீழே இறங்கி டாக்டருக்கு உடனே போன் போட்டுவிடலாமா என்று நினைத்து, நேரத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

"கை கழுவினீங்களா?" என்று கேட்டார் டாக்டர், விடிந்தபின்.

கழுவவில்லை. அன்று சீக்கிரமே வந்த சர்க்கரை டீயில் பொறையைத் தொட்டுத் தின்றுவிட்டு அதே விரலைக் குத்தியிருக்கிறார். பொறையே கணக்கில் இல்லாதது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறு இரவு பொறை இல்லை. சோப்புப் போட்டுக் கழுவினார். 208. அதற்கடுத்த இரவு 214. பிறகு 203.

ஒரே கை ஆட்டிய மாவு, ஒரே வயிறு. நடுவில் மாறியது கடிகாரம் மட்டும்தான் என்று சொல்ல அவர் துணியவில்லை. படி ஏறியது உண்டு, தூக்கம் குறைந்தது உண்டு, மேலே இருக்கும் சூடு உண்டு. ஆனால் ஐம்பது, அறுபது புள்ளிகள் கூடுதலாக எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கின்றன. கூண்டில் அந்தச் சிறு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. தான் ஒரே ஆள் என்று இத்தனை நாள் நம்பியிருந்தோமே என்கிற மாதிரி.

அந்த வாரத்தில்தான் அவர் மாவையும் கெடுத்தார். மத்தியானம் தூக்கம் கலைந்து எழுந்தவர், ஷைனி வெளியே போயிருந்ததால் உதவி செய்வதாக நினைத்து, புதிதாக அரைத்து வைத்திருந்த மாவைக் காலையிலிருந்து புளித்துக்கொண்டிருந்த டிரம்மிலேயே ஊற்றிக் கலக்கி மூடிவிட்டார். மறுநாள் காலை வாசலில் நான்கு பையன்கள்.

"அக்கா, இட்லியா இது? கேட்டுக்குள்ள செக்யூரிட்டி உடமாட்டான். ஆயுதம்னு புடுங்கிப்பான்."

ஷைனி உள்ளே வந்தார். தோசைக்கு உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தார். "யோவ், யார் உன்னைக் கேட்டா? பாதி புளிச்ச மாவுல பச்ச மாவை ஊத்துவாங்களா? அதுக்கு ஒரு நேரம் கேக்கும்ல? மூடி வெச்சா மூடி வெச்சதுதான். நடுவுல தொறந்து தொறந்து கொட்டிக்கினே இருந்தா எப்படிப் பொங்கும்?"

ஜெரால்ட் தட்டைப் பார்த்தார். அன்றைய நான்காவது வேளை அது. அதற்கு முந்தைய மூன்றும் உள்ளே இன்னும் மூடி போட்டுக்கூட முடிந்திருக்காது.

"இன்னா, கல்லு மாதிரி உக்காந்துகினு இருக்க? கோபமா?"

"இல்ல. நீ சொன்னத டாக்டரம்மாகிட்ட சொல்லணும்."

"மாவு கெட்டதையா? ஊரெல்லாம் சொல்லு. என் யாவாரம் நல்லா நடக்கும்."

அவர் சொன்னார். டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டு, "மாவு வேற, குடல் வேற. அவ்வளவு சுலபமா பொருத்திடாதீங்க," என்றார். ஆனால் வேண்டுமானால் ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்றார். இரவு வேலையை மாற்ற முடியாது. சாப்பாட்டை மாற்ற முடியும். இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழுவரை தண்ணீர் மட்டும். சி ஷிப்டாக இருந்தாலும், பகல் ஷிப்டாக இருந்தாலும், விடுமுறையாக இருந்தாலும் அதே. பகலில் சாப்பிடுவதைப் பகலிலேயே சாப்பிடுவது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. பட்டினியில் தலை சுற்றினால் கிரேனை நிறுத்திவிட்டு உடனே இறங்கி ஏதாவது சாப்பிட வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பத்து மணி நேரத்தின் நடுவில் ஒன்றரை மணிச் சோறு இருந்தது.

அது வெறும் சோறு அல்ல. பதினோரு வருடத்துக்கு முன்பு சி ஷிப்டுக்குக் கேன்டீன் கிடையாது. வீட்டிலிருந்து கட்டி வந்தது ஒன்றரை மணிக்குள் சில்லிட்டுப்போகும். வெயில் காலத்தில் ஊசிப்போகும். ஒரு சித்திரை மாதம், கெட்டுப்போன குழம்பில் ஆறு பேர் ஒரே இரவில் வாந்தி எடுத்தார்கள். மோசஸ் தலைமையில் ஒன்பது நாள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே காலித் தட்டோடு உட்கார்ந்தார்கள். வரிசையில் மூன்றாவதாக ஜெரால்ட். தாளம் போட்டுப் போட்டு அவருடைய எவர்சில்வர் தட்டு ஒரு பக்கம் நெளிந்தது. இன்றும் வீட்டில் இருக்கிறது. பத்தாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. சுடுசோறு, சாம்பார், பொரியல், புதன்கிழமை முட்டை. மோசஸ் அதை "கேன்டீன் சோறு" என்று சொல்வதே இல்லை. "நம்ம சோறு" என்பார்.

முதல் இரவு ஜெரால்ட் கீழே இறங்காமல் இருந்தார். போன முறைபோல டப்பா கொண்டுவந்திருக்கிறார் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இரண்டாம் இரவு மோசஸ் தட்டோடு வந்து படிக்கட்டின் அடியில் நின்று கத்தினார். "டேய், இன்னாடா, மேலயே குடித்தனம் வெச்சிட்டியா? முட்டை ஆறிப்போவுது!"

ஜெரால்ட் இறங்கிவந்து சொன்னார். எண்களைச் சொன்னார். 149, 208.

மோசஸின் முகம் மாறியது. "இதப் போய் வெளில சொல்லாத. மேனேஜ்மென்ட் காதுல உழுந்துச்சு, நாளைக்கே உடம்புக்கு ஆகாதுன்னு சோத்த நிறுத்திடுவான். ஒன்பது நாளு. மறந்துட்டியா?"

"மறக்கல மோசஸு. நானுந்தானே குந்தினேன்."

"அப்புறம் இன்னாடா? பசிக்குதுன்னு வாங்குன சோறு. அது தப்பா?"

"தப்புன்னு சொல்லல. பசி நெசந்தான். சோறும் நெசந்தான். நேரந்தான் பேஜாரு பண்ணுது."

"டாக்டருங்க சொல்லுவாங்க. அவங்க ராத்திரி தூங்கறாங்க."

டாக்டர் ராத்திரி தூங்குகிறார் என்பது உண்மைதான். இரும்பு உருக்கும் உலையை இரவில் அணைக்க முடியாது, அதனால் இத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. அந்தச் சோறு ஒரு வெற்றி என்பதும் உண்மை. வெற்றிகள் உடம்பைக் கலந்து ஆலோசித்துவிட்டு வருவதில்லை. மோசஸ் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்த வாரம் முழுக்க சங்கிலி மாட்டிவிட்டுக் கைஜாடை மட்டும் காட்டினார். வழக்கமான வசவு ஒன்றுகூட மேலே வரவில்லை. எட்டு வருடத்தில் கூண்டு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. ஜெரால்டுக்கு அது பிடிக்கவில்லை.

பசியும் சும்மா விடவில்லை. முதல் சி ஷிப்ட் வாரத்தில் இரண்டு மணிக்குத் தலை லேசாகச் சுற்றியது. சொன்னபடி கிரேனை நிறுத்திவிட்டு இறங்கிப்போய் ஒரு பிஸ்கட் தின்றார், தோற்றுவிட்டதாக நினைத்தார். இரண்டாவது சி வாரத்தில் பசி ஒன்றரைக்கு வந்து, எட்டிப்பார்த்து, இரண்டேகாலுக்குப் போய்விட்டது. மூன்றாவதில் வரவே இல்லை. இது அவரை எல்லாவற்றையும்விட அதிகமாக ஆச்சரியப்படுத்தியது. பதினோரு வருடமாகத் தன்னுடையது என்று நினைத்த பசி, கேன்டீன் மணிச்சத்தத்துக்குப் பழகிய பசியா? அப்படியானால் தனக்கென்று உள்ள பசி எது?

காலை ஏழரைத் தோசையை அவர் விடவில்லை. அதை விடச் சொன்னால் கிரேனை விட்டுவிடுவேன் என்று டாக்டரிடமே சொல்லியிருந்தார். மகள் இளமதி சீருடையில், ஷைனி அடுப்படியில், அவர் எண்ணெய்க் கறை போகாத கையோடு. மூவரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது அந்த அரை மணிதான். ஒரு மணிக்கு எழுப்புவதை மட்டும் ஷைனி நிறுத்தினார். நிறுத்துவதற்குள் இரண்டு வாரம் ஆயிற்று. "சோறு போடாம புருஷன தூங்க வெச்சேன்னு எங்கம்மா கேட்டா என்னைத் தொலைச்சிடும்," என்று சொல்லிக்கொண்டே கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போவார்.

டப்பாவின் முடிவும் இடையில் வந்தது. ஒரு தாளில் இரண்டு நீளமான பட்டைகள், நிறம் நிறமாய். ஒன்று பகல் ஷிப்ட் வாரத்தின் ஜெரால்ட். இன்னொன்று, சாப்பாட்டை மாற்றுவதற்கு முந்தைய இரவு வாரத்தின் ஜெரால்ட். பச்சை இரண்டிலும் இருந்தது. முதலாவதில் அகலமாக இருந்த ஊதா, இரண்டாவதில் நூல்போல இருந்தது.

"இந்த ஊதா எங்க மேடம் போச்சு?"

"தெரியல."

"திரும்ப வருமா?"

"அதுவும் தெரியல. ஒரு ஆளோட ரெண்டு டப்பாவை வெச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது. பதினோரு பேரைச் சேர்த்தும் அதிகமா சொல்ல முடியாது. இன்னும் நிறைய பேர் வேணும்."

தெரியாது என்று ஒரு டாக்டர் இரண்டு முறை சொல்லிக் கேட்டது ஜெரால்டுக்கு அதுதான் முதல் தடவை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூண்டில் வேலை இல்லாத நேரம் எடுத்துப் பார்ப்பார். பெயர் தெரியாத அந்த ஊதாக்காரர்கள் தன்னோடு படியேறுவதை நிறுத்திக்கொண்டது எப்போது, எதனால் என்று.

மூன்று மாதம் முடிந்தது. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை இரண்டு நாள் ஜெரால்ட் கூண்டின் கண்ணாடியைத் தேவைக்கு அதிகமாகவே துடைத்தார்.

6.4.

டாக்டர் பென்சில் கேள்விக்குறியை ரப்பரால் அழித்தார். "நல்லாதான் இருக்கு. ஆனா இதுக்கு நேரம் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். மாத்திரை இருக்கு. டீல சர்க்கரைய விட்டீங்க. ஆறு வேளை மூணாச்சு. எது எவ்வளவுன்னு பிரிக்க முடியாது."

"பிரிச்சுப் பாக்கலாமா மேடம்? ஒரு மாசம் டீல மட்டும் சர்க்கரை போட்டு..."

"வேணாம். வண்டிய ஓட்டுங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

அந்த வாரம் சி ஷிப்ட். மூன்றரை மணிக்குப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. அறுபத்தெட்டுப் படி ஏறி மூச்சு வாங்கியபடி மோசஸ் கூண்டின் கதவைத் திறந்தார். மூன்று மாதத்தில் அவர் மேலே வந்தது அதுதான் முதல் தடவை.

"சீட்டு தப்பிச்சுதாமே?"

"ஆறு மாசத்துக்கு."

"ம்." மோசஸ் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். அவர் நிற்கும் இடம் இங்கிருந்து எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்பதைப் பார்ப்பவர்போல் கொஞ்ச நேரம். பிறகு வலது கையை நீட்டினார். "குத்து."

"இன்னாது?"

"குத்துடா. கை கழுவிக்கினுதான் வந்தேன். ஒன்றரைக்கு சாப்ட்டேன், நம்ம சோறு, ரெண்டு தடவ வாங்கி."

ஜெரால்ட் குத்தினார். ஒரு துளி ரத்தம் பட்டையில் ஏறியது. திரை ஐந்திலிருந்து பின்னோக்கி எண்ணியது. இருவரும் தலை முட்டிக்கொள்ளக் குனிந்தார்கள்.

237.

மோசஸ் நெடுநேரம் அதையே பார்த்தார். விரலை வாயில் வைத்துக்கொண்டு, சிறுபிள்ளைபோல் கேட்டார்: "இது என் நம்பரா, சோத்தோட நம்பரா, இல்ல மணியோட நம்பரா?"

"அதத்தான் நானும் மூணு மாசமா கேட்டுக்கினு இருக்கேன்," என்றார் ஜெரால்ட். பையிலிருந்து இன்னொரு பட்டையை எடுத்து மோசஸின் சட்டைப்பையில் போட்டார். "அடுத்த வாரம் பகல் ஷிப்டுல அதே சோத்த சாப்டு. ரெண்டு மணி நேரம் கழிச்சு என்கிட்ட வா."

மோசஸ் இறங்கினார். பாதிப் படியில் நின்று மேலே பார்த்துக் கத்தினார்: "டேய், அந்தம்மாகிட்ட டப்பா மீதி இருக்கான்னு கேட்டு வையி. லேபிள நானே எழுதிக்கறேன்!"